இரண்டாம் சரணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய புதுப் பதிவு வந்து சேர்ந்தது. "கேட்டுவிட்டுச் சொல்லுங்கப்பா" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். போனில் சொல்லலாம் என்றால் நீ இப்போதெல்லாம் எதற்கும் "சரிப்பா" என்கிறாய். பாராட்டினாலும் சரிப்பா, குறை சொன்னாலும் அதே சரிப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

குரல் நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா குற்றம் கண்டுபிடிக்கத்தான் எழுதினார் என்பாய். ஜாய் டிவிஷன் குழுவின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டை இத்தனை நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் பாடியிருக்கிறாய். பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொண்டு இதே பாட்டால் ஜன்னலை அதிர வைத்த பெண்தானா இவள் என்று இருந்தது. சத்தத்தைக் குறை என்று அப்போது நான் கத்தினேன்தான். அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன் என்று நினைத்துவிடாதே, அது பரீட்சை நேரம். ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் புரிந்ததில்லை. இப்போது எல்லாம் புரிகிறது. மெல்லப் பாடுவதில் இருக்கிற வம்பே அதுதான்.

தொண்டையைப் பார்த்துக்கொள். மூச்சுக் காற்றோடு கலந்து முணுமுணுப்பாகப் பாடினால் தொண்டைக்கு ஓய்வு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். காற்று வீணாகக் கசிகிறது, தொண்டை காய்ந்து போகிறது, வரி முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. பாட்டின் கடைசியில் உனக்கு அப்படித்தான் ஆனது. அதை நீ பாட்டின் உணர்ச்சி என்று விட்டு வைத்திருக்கிறாய். கேட்பவர்களும் உணர்ச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது களைப்பாகத்தான் கேட்டது. சரியாகத் தூங்குகிறாயா?

இந்த மெல்லிய பாணிக்கு எல்லாம் மூத்தவர் பிரேசில் பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோ என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவர் கதையைத் தேடிப் படித்தேன். அக்கா வீட்டுக் குளியலறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கிட்டாரை மீட்டி, குரலைக் குறைத்துக் குறைத்துப் பழகியிருக்கிறார். அது எதிரொலி நன்றாக வரும் இடமாம். மைக் இல்லாத காலமாக இருந்தால் இரண்டாவது வரிசைக்குக்கூட அந்தக் குரல் எட்டியிருக்காது. 1958இல் ரியோ டி ஜெனீரோவில் அவர் பதிவு செய்த பாட்டுக்குப் பிறகுதான் போசா நோவா என்கிற இந்த மெல்லிய பிரேசில் இசை உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு முன்னால், பையன் வேலைக்கும் போகாமல் இப்படி விநோதமாகப் பாடிக்கொண்டிருக்கிறானே என்று அவருடைய அப்பா அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். ஒரு வாரத்தில் வெளியே விட்டுவிட்டார்களாம். உன் அப்பா அந்த அளவுக்குப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள். ஆனால் அந்த மனிதர் எதற்குப் பயந்தார் என்பது எனக்குப் புரிகிறது. சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அடங்கிப் போனால் பெற்றவனுக்கு அது சங்கீதமாகக் கேட்காது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

நீ முன்பு எழுதிக் கொடுத்த பட்டியலைப் பிடித்துக்கொண்டு இந்த வகைக் கவர் பாட்டுகளை, அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் தன் பாணியில் பாடினவற்றை, ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாதி வேடிக்கைக்காகச் செய்தவை. ரிச்சர்ட் சீஸ் என்ற பெயரில் ஒருவர், தொண்டை கிழியக் கத்தின பாட்டை எல்லாம் கோட்டும் புன்னகையுமாக ஸ்விங் நடையில் பாடுகிறார். முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாம் தடவைக்கு ஒன்றும் மிச்சமில்லை. 1995இல் ஒயாசிஸ் என்ற ராக் குழு பாடிய 'வொண்டர்வால்' பாட்டை அதே வருடமே மைக் ஃப்ளவர்ஸ் பாப்ஸ் என்ற குழு பழைய காலத்து மென்னிசை ஆக்கிவிட்டது. இதுதான் மூலப் பாட்டு என்று பிரிட்டிஷ் வானொலித் தொகுப்பாளர் ஒருவர் கதை விட்டாராம். பிரிட்டிஷ் பட்டியலில் அசலும் இரண்டாம் இடத்தோடு நின்றது, நையாண்டியும் இரண்டாம் இடத்தோடு நின்றது. அம்மாவுக்கு நையாண்டிதான் பிடித்தது. அறுபதைத் தாண்டிய பால் ஆங்கா 2005இல் நிர்வாணா, சவுண்ட்கார்டன் என்ற ராக் குழுக்களின் பாட்டுகளைப் பெரிய பித்தளை வாத்தியக் குழுவோடு பாடியதும் அவளுக்குப் பிடித்தது. அந்த மனிதர் கேலி செய்யவில்லை, பாட்டை மதித்துப் பாடுகிறார், அதனால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளைப் போசா நோவாவாக மாற்றின தொகுப்பு மட்டும் என் காதில் நிற்கவே இல்லை. லிஃப்ட் மேலே போய்ச் சேரும் வரை ஓடுவதற்குச் சரி.

உன்னுடைய 'வொண்டர்வால்' இருக்கிறதே, போன வருடம் அனுப்பினது, அதுவும் அந்த லிஃப்ட் வகைதான். கோபித்துக்கொள்ளாதே. இந்தப் புதுப் பாட்டு அப்படி இல்லை என்பதால்தான் சொல்கிறேன்.

இதே பாட்டை நுவெல் வாக் என்ற பிரெஞ்சுக் குழு 2004இல் போசா நோவாவில் செய்திருக்கிறது. மூலப் பாட்டை முன்பின் கேட்டிராத பாடகிகளாகப் பார்த்து அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்களாம். பழைய வலி எதுவும் ஒட்டாமல் பாட்டு புதிதாக வரட்டும் என்று. அப்படித்தான் வந்திருக்கிறது, கடற்கரையில் நடந்துகொண்டே பாடுவது போல. நீ அப்படி இல்லை. உனக்கு இந்தப் பாட்டு தலைகீழ்ப் பாடம். அதன் ஒவ்வொரு வரியும் தெரிந்த ஒருத்தி இவ்வளவு அமைதியாகப் பாடுகிறாள் என்றால் கேட்கிறவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத்தான் செய்வான்.

அப்புறம், கிட்டார் எங்கே? முந்தைய பாட்டுகளில் எல்லாம் மாப்பிள்ளையின் நைலான் தந்திக் கிட்டார் இருந்தது. விரல் தந்தியில் வழுக்கும்போது வருகிற அந்தக் கீச்சுச் சத்தத்தை நீக்கிவிடச் சொல்லி நான்கூடச் சொன்னேன். அது இருந்தால்தான் மனுஷன் வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று நீ சண்டைக்கு வந்தாய். இதில் பியானோ மட்டும். நன்றாகத்தான் இருக்கிறது, குறையில்லை. கிட்டார் பழுதாகியிருந்தால் சரிசெய்து கொள்ளலாம். அவருக்கு வேலை அதிகம் என்றால் அதுவும் புரிகிறது. கேட்டேன் என்று சொல்.

லைசென்ஸ் வாங்கிவிட்டாயா? அமெரிக்கச் சட்டத்தில் 1909 முதலே வழி இருக்கிறது. ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், எழுதியவருக்கு உரிய கட்டணத்தைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம், சம்மதம் கேட்க வேண்டியதில்லை. நடையை உன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், அடிப்படை மெட்டையும் தன்மையையும் மாற்றக்கூடாது. ஆனால் படத்தோடு சேர்த்து வெளியிட்டால் அதற்குத் தனி அனுமதி. நீ இருக்கும் இடத்தில் எப்படி என்று விசாரித்துக்கொள். பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை, பிறகுதான் வினை.

ராக் கிட்டாரில் பவர் கார்டு என்றால் என்ன என்று நீ விளக்கினது நினைவிருக்கிறதா? ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் கிடையாது. காந்தாரம் இல்லாததால் அது சந்தோஷமா துக்கமா என்று காட்டிக்கொடுக்காது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டு முழங்கிவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதையே பியானோவில் மெதுவாக வாசிக்க உட்கார்ந்தால் நடுவில் அந்த இடைவெளி தெரியும், எந்தக் காந்தாரத்தை வைப்பது என்று வாசிப்பவர்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்தர காந்தாரம் வைத்தால் மேஜர், சந்தோஷச் சாயல்; சாதாரண காந்தாரம் என்றால் மைனர், துக்கச் சாயல். உன் சமீபத்திய பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். விருப்பம் உன் கையில் இருந்த இடங்களில் எல்லாம் சாதாரண காந்தாரமே வருகிறது. ரசனைதான், அதில் நான் தலையிட முடியாது. ஆனால் ஒரு இடத்திலாவது மற்றதை வைத்துப் பார்த்திருக்கலாம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் சரணத்தை விட்டுவிட்டாய்.

முதல் சரணம், பல்லவி, பியானோ, நேராக மூன்றாம் சரணம். பிழையாக வெட்டுப்பட்டுவிட்டதோ என்று மறுபடி ஓடவிட்டேன். மூலத்தைப் போட்டுப் பார்த்தேன், அதில் இருக்கிறது. படுக்கையறைக் குளிரைப் பற்றியும், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதைப் பற்றியும் வருகிற சரணம். நுவெல் வாக் பாடகி அதைப் பாடுகிறார். நீ பாடவில்லை. நேரம் கருதி விட்டிருக்கலாம். ஸ்ருதி ஒத்துவராமல் இருந்திருக்கலாம்.

விடுவது தப்பு என்று சொல்லவில்லை. பாடகி கேட் பவர் 2000இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டைத் தனியாகக் கிட்டார் வைத்துக்கொண்டு பாடும்போது பல்லவியையே விட்டுவிட்டார். 1965 முதல் உலகம் பூராவும் கூட்டமாகக் கத்துகிற வரி அதுதான், அதையே எடுத்துவிட்டார். பாட்டின் ஆசாமி எதற்கு ஏங்குகிறான் என்பது அப்போதுதான் உறைக்கிறது. ஆக, விட்ட இடம் சில நேரம் பாடின இடத்தைவிட உரக்கப் பேசும். அது நீயே எனக்கு எடுத்துக்காட்டினதுதான், அதனால் இப்போது மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே.

அந்தப் பாட்டை எழுதிய இயன் கர்ட்டிஸைப் பற்றிப் படிக்காமல் இருந்திருக்கலாம். பாட்டு 1980 ஜூனில் வெளிவந்தது, அவர் மே மாதமே போய்விட்டார். 23 வயது. கல்யாணம் உடைந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதியது. அன்று இரவு உன்னைக் கூப்பிட்டேன், நீ வகுப்பில் இருந்தாய் போல, எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தபோது மழை பெய்கிறதா என்று கேட்டேன். அதற்குத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருப்பாய்.

ஜானி கேஷ் பாடியதைக் கேள். 'ஹர்ட்' பாட்டை ட்ரெண்ட் ரெஸ்னர் எழுதி 1994இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 2002இல் எழுபது வயதில் கேஷ் அதைப் பாடுகிறார், குரல் உடைந்து போயிருக்கிறது, வாத்தியம் ஒன்றும் பெரிதாக இல்லை. அது இனி என் பாட்டு இல்லை என்று எழுதியவரே சொல்லும்படி ஆகிவிட்டது. கேஷ் ஒரு கெட்ட வார்த்தையை முள் கிரீடம் என்று மாற்றிக்கொண்டார், ஆனால் சரணம் எதையும் விடவில்லை.

எரிக் கிளாப்டன் பாடியதையும் கேள், 'லைலா'. 1970இல் நண்பரின் மனைவி மேல் இருந்த ஆசையில் கிட்டாரோடு அலறின பாட்டு. பிறகு அந்தப் பெண்ணையே மணந்தார், 80களின் முடிவில் பிரிந்தும் விட்டார்கள். 1992இல் சாதாக் கிட்டாரோடு நாற்காலியில் உட்கார்ந்து அதையே மெல்லப் பாடுகிறார். என்ன பாட்டென்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார். நடை பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார், நடுவில் சிரிக்கக்கூடச் செய்கிறார். பிரிந்த மனிதர் பிரிந்த பாட்டைப் பாடலாம், ஒன்றும் ஆகிவிடாது, உலகம் அப்படியே இருக்கிறது, அப்பா அம்மாவும் அப்படியே இருப்பார்கள். பொதுவாகச் சொன்னேன்.

இரண்டாம் சரணத்தோடு ஒருமுறை முழுசாகப் பாடிப் பதிவு செய். வெளியிட வேண்டாம். எனக்கு அனுப்பவும் வேண்டாம். மெல்லப் பாட வராவிட்டால் கத்திப் பாடு, இங்கே பரீட்சை யாருக்கும் இல்லை. உன் பழைய ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. உன் அறையில் அடுக்கி வைத்திருந்த என் பெட்டிகளையும் வெளியே எடுத்துவிட்டேன், சும்மா அடைத்துக்கொண்டிருந்தன.

தொண்டையைப் பார்த்துக்கொள். தூங்கு. வீடியோவாகப் போட்டால் தனி அனுமதி, மறக்காதே.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா இதைப் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதினீங்களே, கேட்க வேண்டியதைக் கேட்டீங்களா?" என்கிறாள். லைசென்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறேனே என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.