பாறையில் வண்டித்தடம்

டென்வர்

மாப்ளே,

உன் கடுதாசி கிடைச்சுது. காட்டை வித்துட்டு மைசூர்ப் பக்கம் நிலம் பாக்கப் போறேன்னு எழுதியிருக்கே. படிச்சதும் போன வாரம் வயோமிங்கில் பாத்த வண்டித்தடம்தான் ஞாபகம் வந்துச்சு.

கெர்ன்சின்னு சின்ன ஊரு. ஆத்தோரம் மணற்பாறை. மிசௌரியிலிருந்து மேற்குக் கடலோரத்து ஆரிகனுக்கு நிலம் தேடிப் போன மாட்டுவண்டிங்க அறுத்த தடம் அதுல அப்படியே இருக்கு. சில இடத்துல அஞ்சடி ஆழம். உள்ளே இறங்கி நின்னேன், தோளளவுக்குப் பாறை!

வண்டியைப் பத்திக் கேப்பேன்னு தெரியும். நம்ம மாட்டுக்குத் திமில் இருக்கு, நுகத்தடி அதுல முட்டி நிக்கும். அந்த ஊர் மாட்டுக்குத் திமிலே கிடையாது. அதனால மாட்டுக்கு ரெண்டு துளை நுகத்தடியில போட்டு, வளைச்ச மரக்கம்பைக் கழுத்துக்கு அடியில கொடுத்து மேலே செருகிடுவாங்க. மூக்கணாங்கயிறும் இல்லை. ஓட்டறவன் வண்டியில ஏறமாட்டான். இடது பக்கமா கூடவே நடந்து, வாயாலயே ஓட்டுவான். கூண்டுக்குள்ள மாவு மூட்டையும் தட்டுமுட்டுச் சாமானும். ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர், முக்கால்வாசிப் பேர் நடைதான்.

1844-ல அப்படிப் போன ஹென்றி சேகர் குடும்பத்தைப் பத்திப் படிச்சேன். ஒஹாயோ, இந்தியானா, மிசௌரின்னு மாறி மாறி இருந்தும் மனசு நிக்கலை அந்த மனுசனுக்கு. புள்ளைங்க ஆறு, ஏழாவது வழியில பிறந்துச்சு. அதுல கேத்ரின்கிற பொண்ணுக்கு ஒன்பது வயசு. ஓடற வண்டியிலிருந்து குதிக்கையில பாவாடை கோடாலிப் பிடியில மாட்டி, சக்கரம் கால்மேல ஏறிடுச்சு. கிரீன் ஆத்தங்கரையில காய்ச்சல்ல அப்பன் போய்ச் சேந்தார். ஒரு மாசத்துக்குள்ள தாயும். கூட வந்தவங்கதான் ஏழு புள்ளைங்களையும் கொண்டுபோய் விட்மன்கிற மிஷனரி டாக்டர் வீட்ல சேத்தாங்க. 1847-ல அங்கே தட்டம்மை வந்து கயூஸ்கிற அந்த மண்ணோட பழங்குடி சனங்க கொத்துக் கொத்தா செத்தாங்க. அந்த ஆத்திரத்துல டாக்டரையும் அவர் மனைவியையும் கொன்னுட்டாங்க. சேகர் பசங்க மூத்த ரெண்டு பேரும் அதுல போயிட்டாங்க.

1850-ல ஆரிகனுக்குன்னு ஒரு சட்டம் போட்டு, புருசன் பொண்டாட்டிக்கு 640 ஏக்கர்னு சர்க்கார் தூக்கிக் கொடுத்துச்சு. அங்கேயே காலங்காலமா இருந்தவங்ககிட்ட வாங்கின நிலமா அது? வில்லங்கம் பாக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலை பாரு.

நீயாவது முப்பது வருசத்துக்குப் பாத்துட்டு அட்வான்ஸ் கொடு. அப்புறம், வித்துட்டுப் போறதுக்குள்ள கொட்டகையில கிடக்கற உங்கப்பா நுகத்தடியைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட திமிலைப் பத்தி விளக்கி வாய் வலிக்குது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்