வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பிரேக் பற்றியும் புறப்படும் முன் ஆகும் அரை மணி நேரம் பற்றியும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களாக நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. 'அங்கே வாடகைக்குத் தரும் மலை சைக்கிள்களில் பிரேக் பிடிப்பதில்லை' என்பதுதான் அது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, உண்மையா என்று கேட்டீர்கள். நேராகக் கேட்டதற்கு முதலில் நன்றி. ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். நண்பர்கள் சிலர் குழுவாக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் உயரம் பார்த்து, எடை கேட்டு, சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தோம். பாதி வழியில் இருவர் தங்களுக்குள் சைக்கிளை மாற்றிக்கொண்டார்கள். மாற்றி ஏறியவருக்கு அந்த சீட் ரொம்ப உயரம், கால் தரையில் எட்டவில்லை. அந்தப் பயத்தில் ஒரு நீண்ட இறக்கம் முழுக்க பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வந்திருக்கிறார். அடிவாரத்தை நெருங்கும்போது பிரேக் லீவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்துவிட்டது. புல்மேட்டில் சாய்ந்து நின்றதில் முழங்காலில் சிராய்ப்பு, நல்லவேளையாக அதோடு போயிற்று. அவர் பயந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள்.

ஆனால் சைக்கிளில் பிரேக்கே இல்லை என்பது வேறு பேச்சு. அந்த சைக்கிள் திரும்பி வந்த அன்றே கழற்றிப் பார்த்தோம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பேடுகளின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சூடு ஆறியபின் லீவரை அழுத்தினால் கெட்டியாக நின்றது. மூன்றும் சொல்வது ஒன்றைத்தான்: பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மனதில் தைத்தது இந்த இடம்தான். லீவரை இழுத்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் இரண்டு பேடுகளையும் தட்டின் இருபுறமும் அழுத்தும். உங்கள் வேகம் அந்த உரசலில் சூடாக மாறுகிறது. பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தால் இடையில் காற்றுபட்டுத் தட்டு ஆறிக்கொள்ளும். விடாமல் உரசிக்கொண்டே வந்தால் ஆற நேரமே கிடைக்காது. முதலில் பேடு பிடிமானத்தை இழக்கும். அப்புறம் சூடு எண்ணெய் வரை போய், அது கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். எண்ணெய் நசுங்காது, ஆவி நசுங்கும். அதனால்தான் எவ்வளவு இழுத்தாலும் லீவர் மட்டும் வருகிறது, சக்கரம் நிற்பதில்லை. சைக்கிள் எவ்வளவு விலை என்றாலும் இது ஒன்றுதான்.

கிறீச்சென்று சத்தம் வந்தால் பிரேக் போய்விட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அது ஈரம், தூசி. ஆனால் தட்டை விரலால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் பிசுக்கு பேடில் ஏறினால் பிடிப்பு உண்மையிலேயே குறையும். ஓட்டி நிறுத்திய உடனே தொட்டால் விரல் வெந்துவிடும்.

இதனால்தான் புறப்படும் முன் அரை மணி நேரம் உங்களை எங்கள் மைதானத்தில் வைத்துக்கொள்கிறோம். 'சைக்கிள் ஓட்டத் தெரியும், சாவியைக் கொடுங்கள்' என்று அவசரப்படுபவர்கள் உண்டு. சாலையில் ஓட்டுவதும் கல்லும் வேருமாகக் கிடக்கும் சரிவில் இறங்குவதும் ஒன்றல்ல. முன் பிரேக் எந்தக் கையில் என்பதே நாட்டுக்கு நாடு மாறும், அதனால் முதல் வேலையாக சைக்கிளை மெதுவாக உருட்டி, ஒவ்வொரு லீவராக அழுத்திப் பார்க்கச் சொல்கிறோம். ஒரே விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியை விடக்கூடாது. நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. அதைப் பயந்து தொடாமல் விடுவதும் தப்பு, படக்கென்று இழுப்பதும் தப்பு. இடுப்பைப் பின்னுக்கும் கீழுக்கும் இறக்கி, குதிகாலைத் தாழ்த்தி, மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் தலைகுப்புற விழ வேண்டிவராது. வளைவுக்குள் போனபின் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சீட்டைப் பொறுத்தவரை, ஏற்றத்திலும் சமதரையிலும் குதிகாலை பெடலில் வைத்தால் கீழ்முனையில் கால் நேராக நிற்க வேண்டும். இறக்கத்துக்கு முன் அதைத் தாழ்த்திவிடுங்கள். இறங்கும்போது உட்காரவே கூடாது. இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் தளர்வாக மடங்கி, எழுந்து நிற்க வேண்டும். ஒரு பெடல் கீழே தொங்கினால் கல்லில் இடிக்கும். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்கக்கூடாது, போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். எதை உற்றுப் பார்க்கிறீர்களோ சைக்கிள் அங்கேதான் போய் நிற்கும்.

'டயரில் காற்றே இல்லை' என்றும் பலர் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். மலைப்பாதைக்குக் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆளின் எடையைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 30 பிஎஸ்ஐ வரை. கல்போல் இறுக்கி அடித்தால் சக்கரம் துள்ளும், பிடிமானம் போய்விடும். எடையை நாங்கள் கேட்பதும் இதற்காகவும் அதிர்வைத் தாங்கும் ஷாக்குக்காகவும்தான். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள், வேறு யார் காதிலும் விழாது.

இன்னொன்று, இதை மட்டும் மறக்க வேண்டாம். வலதுபக்கம், அதாவது செயின் இருக்கும் பக்கமாக விழுந்தால் உடனே ஏறி மிதிக்காதீர்கள். பின் கியர் தொங்கும் சின்ன உலோகத் துண்டு லேசாக உள்பக்கம் வளைந்திருக்கலாம். கண்ணுக்கு எளிதில் தெரியாது. அப்படியே ஏற்றத்தில் மிக இலகுவான கியருக்கு மாற்றினால் முழு கியரும் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கி ஒடிந்துவிடலாம், அன்றைய பயணம் அங்கேயே முடிந்துவிடும். பின்னால் நின்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் அந்த மிக இலகுவான கியரைத் தொடாமல் வாருங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும், வலி இல்லை என்றாலும் சரி. அடிபட்டதைச் சொல்லி அந்த ஹெல்மெட்டையும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டை அடுத்தவருக்கு நாங்கள் தருவதில்லை.

நெடுநாள் எங்களோடு இருந்த மெக்கானிக் சொந்தத் தொழில் தொடங்கிப் போய்விட்டார். மனதார வாழ்த்தி அனுப்பினோம். புதியவர் கைதேறும் வரை காலையில் வெளியே போகும் சைக்கிள்களைக் குறைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் காற்று, பிரேக், செயின் பார்த்த பிறகே வாசலைத் தாண்டும். பேடு, டயர், டியூப் எல்லாமே விலை ஏறிவிட்டதால் வாடகையிலும் சிறு மாற்றம் உண்டு, அந்த அரை மணி நேரமும் இனி வாடகை நேரத்திலேயே சேரும்.

பேச்சு பரவிய பிறகும் வழக்கம்போல வந்தவர்களையும், கேட்டவர்களிடம் 'நாங்கள் அங்கேதான் எடுக்கிறோம்' என்று எங்களுக்காகப் பேசியவர்களையும் மறக்க மாட்டோம். முதன்முதலில் இங்கே ஓட்டிப் பழகி, இப்போது சொந்த சைக்கிள் வாங்கிய பின்னும் புதியவர்களை அழைத்து வருகிறீர்களே, அந்த நம்பிக்கைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிராய்ப்பு பட்ட அந்த நண்பருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். வந்தால் அவருக்கென்று சைக்கிளைச் சரிசெய்து, இறக்கத்தில் நானே கூட வருகிறேன்.

முன்பதிவு செய்யும்போதே ஒவ்வொருவரின் உயரத்தையும் எடையையும் எழுதி அனுப்பிவிட்டால் மைதானத்தில் நேரம் மிச்சமாகும். விரல் மூடிய காலணி, தொளதொளப்பில்லாத கால்சட்டை, தண்ணீர், வழியில் சாப்பிட ஏதாவது, இவை உங்கள் பொறுப்பு. ஹெல்மெட், கையுறை, மாற்று டியூப், பம்பு எங்கள் பொறுப்பு. வழியில் சைக்கிளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் சீட்டைச் சரிசெய்த பிறகு மாற்றுங்கள், அதற்கான சாவி பையிலேயே இருக்கிறது.

அன்புடன்,
கடை உரிமையாளர்