கரையில் யார் நிற்பார்கள்?

திருவையாறு,
ஜூன் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. தாளில் எழுதினால்தான் எனக்கு வருகிறது. படம் பிடித்து அனுப்புகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மேட்டூரை 12ஆம் தேதி திறந்தார்கள். கல்லணை தாண்டி நேற்று நம் படித்துறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது, செத்தையும் நுரையுமாக. குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

நீ நீந்தப் போகிற சேதி மேலத்தெரு சித்தி போனில் காட்டித்தான் எனக்குத் தெரியும். அது போகட்டும். தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர், எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி, நடுவில் நீ. தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் ஒரு மைல் நீந்தினால் தெரிந்தவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போடுவார்களாம், அது குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகுமாம். சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்களா? இங்கேயும் காவடி எடுத்து ஒருவன் ஆடிவந்தால்தான் கை மடிக்குப் போகிறது.

ஆனால் நீ நீந்தப் போகிற அந்த இங்கிலாந்து ஏரி, விண்டர்மியர், 200 அடிக்கு மேல் ஆழமாம். ஆனி மாதத்திலும் சில்லென்று இருக்குமாம். அந்தக் குளிரில் சட்டென்று விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து என்கிறான் அண்ணன். அதனால் குதிக்காதே. மார்கழியில் அப்பாயி இறங்குவாரே, ஒவ்வொரு படியாக, முகத்தில் தெளித்து, கழுத்தில் தெளித்து, அப்படி இறங்கு. மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்து, சீரான பிறகு போ. இடுப்பில் கட்டுகிற ஆரஞ்சுப் பையைப் பார்த்ததும் தாத்தா உனக்குக் கட்டிவிட்ட சுரைக்குடுக்கைதான் ஞாபகம் வந்தது. படகுக்காரர் கண்ணில் படுவதற்காம் அது. எதற்கோ, அவிழ்த்துவிடாதே. குதிக்காதே.

போட்டோவில் மாப்பிள்ளையைக் காணோம். எடுத்தது அவராக இருக்கும். பொங்கலுக்குப் பேசினபோது வேலைக்குப் போயிருக்கிறார் என்றாய், சித்திரைக்கும் அதையே சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ ஏறி வரும்போது கரையில் துண்டோடு யார் நிற்பார்கள், அதை மட்டும் சொல்.

அப்பா அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அன்னைக்கு இவளை எடுக்காம விட்டானே, அவனுக்குக் காட்டணும் இதை" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிற்று.

பாப்பா, எட்டாம் வகுப்பில் தஞ்சாவூர் நீச்சல் போட்டிக்கு ஒரு பாரம் வந்ததே. அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்று உன்னிடம் சொன்னேன். அவர் போட்டுத்தான் கொடுத்தார். பேனா எழுதவில்லை என்று இரண்டு தடவை உதறி, பச்சை மையில் போட்டார். நீ வயசுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அரைக்கால் உடுப்பில் ஊரே பார்க்குமே என்று அப்பாயி சொன்னதும் அந்தப் பாரத்தை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். அப்பாயி மேல் பழி போடவில்லை, வைத்தது என் கை. அப்பாவிடம், உன்னை எடுக்கவில்லையாம் என்று சொன்னேன். இன்றுவரை அதைத்தான் நம்புகிறார். ஏன் அவள் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று என்னிடமே கேட்பார். நானும் வேலை அலுப்பு என்பேன்.

அண்ணன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கரையேறினதும் முதலில் அப்பாவுக்குப் போன் பண்ணு. நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், படித்துறைக்குப் போயிருப்பேன். ஈரத்தோடு நிற்காதே. பிளாஸ்கில் சுக்குக் காபி எடுத்துப் போ. குதிக்காதே.

அம்மா