நம்பர் இல்லாமல் ஓடியவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடியவர்களின் அனுபவங்களைச் சென்ற இதழில் போட்டிருந்தீர்கள். ஒரே மூச்சில் படித்தேன். பேசிய எல்லாருமே ஏழு, எட்டு மணி நேரத்தில் முடித்தவர்கள். கடைசி வண்டியாக வந்து சேர்கிற என்னைப் போன்றவர்களின் கதை வேறு.

நான் 2014-இல் ஓடினேன். வழக்கமாக ஒரு வருஷம் ஏறுமுகம், மறு வருஷம் இறங்குமுகம். அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் வருஷம், சுமார் 89 கிலோமீட்டர். இறக்கம்தானே, சுலபம் என்று உங்கள் இதழில் ஒருவர் சொல்லியிருக்கிறார். சரி, அவர் தொடை எப்படியோ! ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் பைன்டவுனை நோக்கி இறங்கும்போது அடிக்கு அடி பிரேக் பிடித்து என் தொடை கல்லாகிவிட்டது. தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைக் கடித்து, பாதியைக் குடித்து, மீதியைத் தொடையில் பீய்ச்சிக்கொண்டே இறங்கினேன். அப்புறம் மூன்று நாள் வீட்டு மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

கிங்ஸ்மீட் மைதானத்துக்குள் நான் நுழைந்தபோது பன்னிரண்டு மணி நேரக் கெடு முடிய ஆறு நிமிடம் இருந்தது. நேரம் ஆனதும் அதிகாரி, ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடுமாம். கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுபோன ஒருவர் அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மணி என்ன?" என்று மட்டும் கேட்டார்.

என் பெரியப்பா இதே பாதையில் அறுபதுகளில் இரண்டு முறை ஓடியவர். மார்பில் நம்பர் கிடையாது. 1921-இல் தொடங்கிய இந்தப் பந்தயம் 1975-இல்தான் எல்லா இனத்தவருக்கும் பெண்களுக்கும் முறைப்படி திறந்தது. ராபர்ட் ம்ட்சாலி என்ற கறுப்பினத்தவர் 1935-இலேயே ஓடி முடித்தார், அதுவும் கணக்கில் சேராத ஓட்டம்தான். இப்போது அவர் பெயரில் மெடலே தருகிறார்கள். பெரியப்பாவின் நேரத்தை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கேட்டால் அவர் அதைப் பற்றிக் குறைபடுவதில்லை. இரவல் வாங்கிய டென்னிஸ் ஷூ, கறுத்து விழுந்த இரண்டு கால் நகம், பெரியம்மா உப்புப் போட்டு அவித்துக் கட்டிக் கொடுத்த உருளைக்கிழங்கு, இதையே அரைமணி நேரம் சொல்வார். பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் தீ மிதித்த பாதங்களை இந்தத் தார் ரோடு என்ன செய்யும் என்பார். நகம் போனதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

இப்படிப்பட்டவர்கள் டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். எல்லாருக்கும் எண்பது தாண்டியிருக்கும். அடுத்த இதழுக்கு அவர்களையும் தேடிப் போய்ப் பாருங்கள். பெரியப்பாவைப் பார்க்க வருவதானால் காலையிலேயே வந்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் தூங்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்