இன்சுலின் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்களையும் கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வட்ட அரசு மருத்துவமனையில் இன்சுலின் பெறும் நோயாளிகள், அவர்களின் குடும்பத்தினர் சார்பாக,
சந்தைமேட்டுப் பகுதி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: வட்ட அரசு மருத்துவமனை – மாதக் கடைசியில் இன்சுலின் தீர்ந்துவிடுவது – மருத்துவமனையில் உள்ள பதிவுகளை வைத்தே தேவையைக் கணக்கிட்டு மருந்து வரவழைக்க உத்தரவிடக் கோருதல்.

பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் இதே பொருள் குறித்து அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சந்தைமேட்டுக்கு எதிரே உள்ள எங்கள் மருத்துவமனை தங்களுக்குப் புதிதல்ல. போன மழையில் தரைப்பாலம் மூழ்கியபோது தாங்களே நேரில் வந்து வார்டு வார்டாகப் பார்த்தீர்கள். அதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மீண்டும் தங்களிடமே வருகிறோம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று குறுஞ்செய்தியும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எங்கள் குறை ஒன்றே ஒன்றுதான். மாதத்தின் கடைசி வாரத்தில் மருந்தகத்தில் இன்சுலின் இருப்பதில்லை. ஊழியர்கள் மீது நாங்கள் புகார் சொல்லவில்லை. இருப்பதைக் கொடுக்கிறார்கள், இல்லாததை அவர்களால் எப்படிக் கொடுக்க முடியும்? எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்க்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. அதைக் கீழே விளக்குகிறோம்.

1. இங்கே தரப்படும் இன்சுலின் குப்பி 10 மில்லி. ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றால், ஒரு குப்பியில் 400 யூனிட். காலையில் 18, இரவில் 12 என்று ஒரு நாளைக்கு 30 யூனிட் போடுபவருக்கு அது 13 நாளில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு 900 யூனிட், அதாவது இரண்டேகால் குப்பி வேண்டும். இந்த அளவு ஒவ்வொருவரின் நோயாளி அட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது. தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியர் அதைக் கம்ப்யூட்டரிலும் பதிகிறார். எல்லோருடைய மாத அளவையும் கூட்டி, 400-ஆல் வகுத்தால் அடுத்த மாதத் தேவை வந்துவிடும். இதற்குப் புதிய மென்பொருளோ புதிய பணியிடமோ வேண்டாம். ஆனால் மருந்து கேட்டுக் கிடங்குக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை; போன வருடம் எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பார்த்துப் போடுகிறார்கள்.

2. போன வருடக் கணக்கில் என்ன தவறு என்று கேட்கலாம். கொடுத்தது மட்டும்தான் அதில் இருக்கிறது. கேட்டும் கிடைக்காமல் போனது இல்லை. கடைசி வாரம் மருந்து இல்லை என்று திரும்பிப் போனவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சீட்டின் பின்னால் பேனாவால் "இல்லை" என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே மேலிடத்தில் பார்ப்பவர்களுக்கு இந்த மருத்துவமனையின் செலவு இவ்வளவுதான் என்று தெரிகிறது, அதே அளவுதான் மறுபடியும் வருகிறது. புதிதாக நோய் வந்தவர்களும் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பற்றாக்குறை எவ்வளவு கூடினாலும் காகிதத்தில் அது தெரியவே தெரியாது. ஐயா, இந்த மனுவில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பத்தியைப் படியுங்கள். எங்கள் மனுக்களுக்குப் பதில் வராததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறோம். விசாரித்த அலுவலர் பதிவேட்டைப் பார்த்திருப்பார், அதில் குறை ஒன்றும் இருந்திருக்காது.

3. இதனால் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறோம். கூலிக்குப் போகிறவர்கள் குப்பி தீரப்போகிறது என்று தெரிந்ததும் 18-ஐ 10 ஆக்குகிறார்கள். அப்புறம் இரவு ஊசியை விட்டுவிடுகிறார்கள். காலில் புண் வந்தவர்களுக்குப் புண் ஆறுவதில்லை. வெளியில் ஒரு குப்பியும் ஊசியும் வாங்கினால் அரை நாள் கூலி போகிறது. "நாளைக்கு வந்து பாருங்கள்" என்று சொன்னால் அந்த நாளைக்கான கூலியும் போகிறது.

பெரியவர்களாவது தாங்குகிறார்கள். இந்த மனுவை எழுதும் எனக்கு ஒரு மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு வந்திருப்பது சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய். அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. மாத்திரையும் பத்தியமும் அவளைக் காப்பாற்றாது. ஊசி நின்றால் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், அப்படிப் போயும் இருக்கிறோம். மருந்தகத்தில் குப்பி தீர்ந்திருந்த ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. 108-இல் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டிரிப்ஸ், ஆக்ஸிஜன், மணிக்கொரு ரத்தப் பரிசோதனை என்று அரசு அன்று அவளுக்குச் செய்த செலவில் எத்தனை மாத இன்சுலின் வாங்கியிருக்கலாம்? உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த நிலைக்கு அவளை ஏன் கொண்டுபோக வேண்டும்? அவள் அளவு கம்ப்யூட்டரில் இருந்தது. அவள் வரும் தேதியும் இருந்தது. குப்பி மட்டும்தான் இல்லை. இதை எத்தனை முறை எழுதுவது, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை, ஐயா.

4. இங்கே தீர்ந்த அதே வாரத்தில் பக்கத்து வட்ட மருத்துவமனையில் கேட்டால் இருக்கிறது என்கிறார்கள். இங்கிருந்து மினி பஸ் பிடித்துப் போய்க் கேட்டால், அங்கே பதிவு இல்லாதவர்களுக்குத் தர முடியாதாம். இரண்டு மருத்துவமனைகளின் இருப்பையும் காலாவதித் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அங்கே மிஞ்சுவதை இங்கே மாற்றலாமே. ரேஷன் கடைகளுக்கு 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, எந்தக் கடையில் எவ்வளவு அரிசி, எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே போனில் பார்க்கிறோம். சர்க்கரையின் இருப்பு தெரிகிறது, சர்க்கரை நோய்க்கான மருந்தின் இருப்பு தெரியவில்லை. ஏன்?

இதைச் செய்ய முடியாத மாநிலம் அல்ல நம்முடையது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தி, மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருந்துக் கணக்கு எழுதும் பாஸ்புக் கொடுத்து மருந்து வழங்கியது நம் அரசு. அதைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகம் அமைத்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தைக்கு இன்சுலின் இல்லை என்று சொல்கிறார்களே.

5. பணம் இல்லை என்று சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை அளித்தாலும் காப்பீட்டுத் தொகை வருகிறது. அதில் ஒரு பங்கு மருத்துவமனையின் தேவைக்கே பயன்படுகிறது. ஆனால் இங்கே உள்நோயாளியாகச் சேரும்போது பலரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றே கேட்பதில்லை. எங்கள் குடும்பங்களில் சேர்ந்தவர்களை விசாரித்துத்தான் சொல்கிறோம். மாதத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அட்டை உள்ளவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு விண்ணப்பம் போனது, ஆவணம் போதாமல் திரும்பியது எத்தனை என்று நான்கு எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் பணம் எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்துவிடும். அவசரத்துக்கு உள்ளூரில் மருந்து வாங்க அந்தப் பணம் உதவும்.

6. ஓ.பி. சீட்டு வரிசை பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போது வேண்டாம். முதலில் இன்சுலின்.

ஆகவே ஐயா, தாங்கள் மாவட்ட சுகாதாரச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். "இல்லை" என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரையும், மருந்தின் பெயர், அளவு, தேதியோடு அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவையும் நோயாளிகளின் தினசரி அளவையும் சேர்த்துக் கூட்டி இன்டென்ட் போடச் சொல்லுங்கள். இருப்பு இரண்டு வாரத் தேவைக்குக் கீழே இறங்கும்போதே கிடங்குக்கும் பக்கத்து மருத்துவமனைக்கும் தகவல் போகட்டும். மருந்தக ஜன்னலுக்கு மேலே ஒரு பலகையில் இருப்பை எழுதிவைக்கட்டும். தினமும் மாற்றி எழுத எங்களில் ஒருவர் வந்து உதவவும் தயார்.

மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவையும் "உரிய அலுவலருக்கு" அனுப்பி முடித்துவிட வேண்டாம். தாங்களே ஒருமுறை, மாதத்தின் கடைசி வாரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் அந்த மருந்தக ஜன்னலுக்கு வாருங்கள். வரிசையில் நிற்பவர்களிடம் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் குப்பி கிடைக்க உத்தரவிடுங்கள். குழந்தைகளுக்காவது முதலில் உத்தரவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இன்சுலின் பெறும் நோயாளிகளும் குடும்பத்தினரும்

இணைப்பு:
"இல்லை" என்று எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகளின் நகல்கள்
முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்
நோயாளி அட்டைகளிலிருந்து நாங்கள் கூட்டி எழுதிய மாத இன்சுலின் தேவை, ஒரு தாள்