மண்டபச் சாவி கேட்டு ஒரு திறந்த மடல்

ரங்கூனில் நம் கோயிலை நடத்தும் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் நான் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் மண்டபத்தை இரண்டு மணி நேரம் பிள்ளைகள் சதுரங்கம் ஆடத் தரவேண்டும் என்று கேட்டேன். "கோயில்ல என்னம்மா விளையாட்டு?" என்றார் ஒரு ஐயா. அதோடு பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் கணக்கு டியூஷன் படிக்க வரும் ஒரு பையனுக்கு 11 வயது. கரண்ட் போன ஒரு சாயங்காலம், மற்ற பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவிட, இவன் மட்டும் மெழுகுவர்த்தி பக்கத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தான். கட்டமெல்லாம் அவனே பேனாவால் போட்டது, தொலைந்துபோன இரண்டு சிப்பாய்களுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. வெள்ளையையும் கருப்பையும் அவனே மாறி மாறி நகர்த்திக்கொண்டிருந்தான். என்னடா இது என்று கேட்டால் நோட்டைக் காட்டுகிறான்: 2022 பிப்ரவரியில் நம் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா நார்வேக்காரர் கார்ல்சனைத் தோற்கடித்த ஆட்டம், 39 நகர்த்தலும் வரிசையாக எழுதியிருக்கிறான்.

அந்த ஆட்டத்தைப் பற்றி அவன் சொல்லித்தான் எனக்கே முழுசாகத் தெரியும். இணையம் வழியாக நடந்த போட்டி. எதிரில் இருந்தவர் அப்போதைய உலக சாம்பியன், அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்துவிட்டு வந்தவர். பிரக்ஞானந்தாவுக்கு வயது 16, அதுவரை ஆடிய ஏழில் நான்கு தோல்வி, கையில் கருப்புக் காய். நாலு தடவை அடி வாங்கிய பிறகும் எட்டாவது ஆட்டத்துக்கு அப்படி நிதானமாக உட்கார ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து மனசு வருகிறது என்றுதான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். 2024இல் நார்வேக்கே போய், கார்ல்சனின் சொந்த நாட்டில், நிதானமாக யோசித்து ஆடும் நீண்ட ஆட்டத்திலும் அவரை ஜெயித்தார்.

இது ஒரு நாளில் வந்ததில்லை ஐயா. பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள், தம்பி அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 2013இல் கார்ல்சன் சென்னைக்கு வந்து ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடியபோது, 12 வயது வைஷாலி அவரை ஜெயித்தார். பிற்பாடு அக்காவும் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அம்மா நாகலட்சுமி போகிற ஊருக்கெல்லாம் கூடவே போய்ச் சோறும் ரசமும் வைத்துக் கொடுக்கிறார். ஒரு வகுப்பு, சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர், எதிரில் உட்கார ஒரு ஆள். என் பையனுக்கு எதிரில் உட்கார ஆளில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோயிலில் விளையாட்டா என்று கேட்ட ஐயாவுக்கு: மன்னார்குடி பக்கம் திருப்பூவனூரில் சிவபெருமானின் பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜராஜேஸ்வரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணந்தார் என்பது அந்தத் தலத்துக் கதை, அப்பர் பாடிய தலம் வேறு. சாமியே உட்கார்ந்து ஆடியதை நாம் ஏன் வாசலில் நிறுத்தவேண்டும்?

இந்த ஊருக்கும் இது புதிதில்லை. சிட்டுயின் என்கிற பர்மாக்காரர்களின் சதுரங்கத்திலும் ராஜா, யானை, குதிரை, தேர் எல்லாம் உண்டு, சிப்பாய்கள் மட்டும்தான் முதலிலேயே பலகையில் நிற்கும், மற்ற காய்களை ஆடுகிறவர்களே தங்கள் யோசனைப்படி வைத்துக்கொண்டு தொடங்குவார்கள். டீக்கடையில் போய் ஆடட்டுமே என்று ஒரு அண்ணன் சொன்னார். பையன்களை வேண்டுமானால் அனுப்பலாம், நம் வீட்டுப் பெண் பிள்ளைகளை அனுப்புவோமா? நான்கு பெண்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அவர்களுக்கு மண்டபத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

பலகையும் காயும் நான் வாங்கித் தருகிறேன். மண்டபத்தைப் பெருக்கி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவோம். கல்யாணம், விசேஷம் இருக்கிற நாளில் கேட்கவே மாட்டோம். வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு வாசலில் நிற்பேன், சாவியை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

உங்கள் தமிழ் வகுப்பு டீச்சர்