பயம் சோயாவிலல்ல, உப்பில்

ஆசிரியருக்கு,

சோயா மீற் சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று மட்டக்களப்பில் உடற்பயிற்சி செய்யும் பெடியன்கள் சிலர் அதை ஒதுக்குகிறார்கள். சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன் என்ற தாவரப் பொருள், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் ஓமோனைப் போன்ற அமைப்புடையதுதான். ஆனால் வலு மிகக் குறைவு. 2010இலும் 2021இலும் வெளியான தொகுப்பாய்வுகளில் (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பவை), சோயா உண்ட ஆண்களின் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோன் மாறவில்லை. மார்பு பெருத்ததாக மருத்துவ இதழில் பதிவான ஒருவர், தினமும் ஏறக்குறைய 3 லீற்றர் சோயாப் பால் குடித்தவர்! நிறுத்திய பின் ஈஸ்ட்ரோஜன் மெல்ல வழமைக்கு வந்தது.

கவனிக்க வேண்டியது பக்கெற்றோடு வரும் சுவைத்தூளை. உப்பு அதில்தான் கூட. சோயாவைச் சுடுதண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, இறுக்கிப் பிழிந்து, தூளில் பாதியை மட்டும் போட்டு, வேறு உப்புச் சேர்க்காமல் ஆக்கலாம். தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்போர் அதோடு சேர்த்துச் சோயா உண்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம்; சில மணிநேரம் இடைவெளி வேண்டும்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி